தவக்காலப் பத்தியம்

என் தங்கையின் நெஞ்சுக்குள் உலோகத்தால் செய்த வால்வு ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் வந்த வாதக்காய்ச்சல் அவளுடைய இதயத்தைக் கெடுத்துவிட்டிருந்தது. போர் முடிந்து கொழும்புப் பாதை திறந்த அடுத்த ஆண்டு, அங்கே சத்திரசிகிச்சை செய்து பழுதான வால்வை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள். அன்றிலிருந்து நாள்தோறும் பின்னேரம் அவள் ஒரு குளிசை போடுகிறாள். இரத்தத்தை இளக்கி வைத்திருக்கும் குளிசை. இரத்தம் தடித்தால் வால்வில் கட்டி பிடிக்கும். அளவுக்கு மிஞ்சி இளகினால் எங்காவது உடைத்துக்கொண்டு ஓடும். மாதம் ஒருமுறை கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்து, குளிசையின் அளவைக் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள். இப்படி ஒரு ஒடுங்கிய வரம்பில் அவள் இத்தனை ஆண்டுகளாகத் தவறாமல் நடந்து வந்தாள்.

இந்த ஆண்டு தவக்காலத்தில் அவளை அந்த வரம்பிலிருந்து தள்ளிவிட்டார்கள். தள்ளியவர்களில் ஒருவரைக்கூட என்னால் கெட்டவர் என்று சொல்ல முடியவில்லை. எல்லோரும் படித்தவர்கள், பண்பானவர்கள், நோயாளியின் நலன் பற்றி மேடையில் மணிக்கணக்காகப் பேசியவர்கள். என் கோபம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நான் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வுபெற்றவன். குருநகரில் பிறந்து, இடப்பெயர்வின்போது வெளியேறி, திரும்பி வந்து, இப்போது தங்கையின் வீட்டுக்கு அடுத்த வளவில் இருக்கிறேன். எங்கள் கத்தோலிக்கப் பங்கில் நடப்பவற்றைத் திகதி பிசகாமல் எழுதி வைப்பது என் பழக்கம். இங்கே பெயர்களை விட்டுவிட்டேன். நடந்த ஒழுங்கை விடவில்லை.

பொங்கலுக்கு அடுத்த வாரம், சனிக்கிழமை. பங்கு மண்டபத்தில் ‘ஒருங்கிணைந்த மருத்துவம்’ பற்றி ஒரு பயிற்சிப் பட்டறை. மேலைத்தேய மருத்துவமும் சித்த மருத்துவமும் கைகோத்து நடக்க வேண்டும் என்பது அதன் பொருள். ஒரு தொண்டு நிறுவனம் நடத்தியது. டொக்டர்கள், சித்த மருத்துவர்கள், தாதியர், குடும்பநல உத்தியோகத்தர்கள் எல்லோரையும் அழைத்திருந்தார்கள். ‘சமூகப் பிரதிநிதிகள்’ என்ற பெயரில் பின்வரிசைக் கதிரைகளில் எங்களையும் இருத்தினார்கள். தங்கை வந்ததற்குக் காரணம் முழங்கால். அவள் வீட்டில் இடியப்பம் அவித்து விற்பவள். விடியப்புறம் தொடங்கிக் குந்தியிருந்து பிழிந்து பிழிந்து இரண்டு முழங்காலும் போய்விட்டன. கோயிலில் முழந்தாளிட முடியாமல் வாங்கிலேயே இருந்து செபிக்கிறாள் என்பது அவளுக்குப் பெரிய மனக்குறை.

விளக்கேற்றினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். முதலில் ஒரு டொக்டர் பேசினார். சித்த மருத்துவத்தின் பெருமையை மேலைத்தேய உலகமே இன்று ஒப்புக்கொள்கிறது என்றார். பிறகு உரும்பிராயிலிருந்து வந்திருந்த சித்த மருத்துவர் பேசினார். நவீன மருத்துவத்தின் சாதனைகளை நாங்கள் தலைவணங்கி ஏற்கிறோம் என்றார். திரையில் படங்கள் ஓடின. படங்களில் இருந்த எழுத்து அத்தனையும் ஆங்கிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்தக் குடாநாட்டில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார்கள். நரம்புக்கும் நாடிக்கும் எலும்புக்கும் தமிழில் பெயர் வைத்துப் பாடப்புத்தகம் அச்சடித்தார்கள். அந்த மண்ணில், எங்களுக்கு விளங்கப்படுத்த வந்தவர்கள், எங்களால் வாசிக்க முடியாத படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

தங்கை கையை உயர்த்தினாள். கூட்டத்தில் கதைத்துப் பழக்கமில்லாதவள், எழுந்து நிற்கவே நேரம் பிடித்தது.

“வால்வு மாத்தின ஆக்கள் பரியாரியாற்றை மருந்து குடிக்கலாமோ, ஐயா? எனக்கு முழங்கால் ஏலாது.”

அந்த நாள் முழுவதிலும் கேட்கப்பட்ட ஒரேயொரு உண்மையான கேள்வி அது. டொக்டர் சித்த மருத்துவரைப் பார்த்தார். சித்த மருத்துவர் டொக்டரைப் பார்த்தார். மற்றவரின் துறையில் கைவைத்துவிடக் கூடாது என்ற மரியாதை இருவருக்கும். ஒருங்கிணைப்பாளர் ஒலிவாங்கியை வாங்கி, மிக நல்ல கேள்வி, அதைக் குழுக் கலந்துரையாடலில் விரிவாகக் கதைப்போம் என்றார். அதன் பிறகு மதியச் சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பிறகு குழுக்களாகப் பிரித்துப் பெரிய தாள்களில் நிறப் பேனையால் ‘சவால்கள்’, ‘வாய்ப்புகள்’ என்று எழுத வைத்தார்கள். பிறகு படம் பிடித்தார்கள். நன்றியுரை. அவ்வளவுதான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது தங்கை தன் கேள்விக்குத் தானே பதில் கண்டுபிடித்துவிட்டாள்.

“ரெண்டு பேரும் ஆளை ஆள் புகழ்ந்தவை. ஒருத்தரும் கூடாதெண்டு சொல்லேல்லை. அப்ப ரெண்டையும் சேர்த்துச் செய்யலாம் எண்டுதானே அண்ணை உதின்ரை கருத்து?”

கிளினிக்கில் ஒருதரம் கேட்டுவிட்டுப் போ என்று சொன்னேன்.

“கேட்டால் பேச்சு விழும். தெரியாமலோ சொல்லுறியள்?”

தெரியும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் அந்தக் கிளினிக்கில் ஒரு பெண்ணின் காலில் நாட்டு எண்ணெய் மணந்தது என்று, அப்போதிருந்த டொக்டர் ஒருவர் எல்லோருக்கும் முன்னால் அவளை ஏசினார். உந்த வேர்களையும் இலைகளையும் நம்புவதென்றால் இங்கே வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அந்த டொக்டர் மாற்றலாகிப் போய்விட்டார், அந்தப் பேச்சு போகவில்லை. இன்றைக்கும் கிளினிக் நாளன்று எங்கள் பெண்கள் விடியவே எழும்பி, காலில் பூசிய எண்ணெய் போகுமட்டும் சவர்க்காரம் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் போவார்கள். நாட்டு வைத்தியரான பரியாரியாரிடம் போகும்போது கிளினிக் கொப்பியை வீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். இங்கிலிஸ் மருந்து குடிக்கிற உடம்பு என்று தெரிந்தால் அவர் ஏனோதானோவென்று பார்ப்பாராம். ஒரே உடம்பை இரண்டு இடத்துக்கும் இரண்டு விதமாகக் கழுவி எடுத்துக்கொண்டு போகிறார்கள். இதைப் பற்றி அந்தப் பட்டறையில் ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. யாரிடமாவது கேட்டிருந்தால்தானே தெரியும்.

அடுத்த கிழமையே தங்கை உரும்பிராய்க்கு பஸ் ஏறினாள். மேடையில் பார்த்த அதே சித்த மருத்துவரிடம். பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவர். ஊர் வழக்கப்படி எல்லோரும் பரியாரியார் என்றுதான் சொல்வார்கள், அவரும் அதைக் குறையாக எடுப்பதில்லை. நாடி பார்த்தார். முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். நெஞ்சில் ஒப்பரேசன் செய்தது, கிளினிக் மருந்து போகிறது என்று தங்கை சொன்னாள். அந்த மருந்தை ஒரு நாளும் நிற்பாட்ட வேண்டாம் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். பட்டறையில் சித்த மருத்துவர்களுக்குக் கொடுத்த முதல் அறிவுரை அதுதான். அவர் அதைப் பின்பற்றினார். என்ன மருந்து, எதற்கு என்று மட்டும் கேட்கவில்லை. அது அவர்களுடைய பக்கம்.

கசாயம் ஒன்று, பூச்சுக்கு ஒரு தைலம், ஒரு மண்டலத்துக்குப் பத்தியம். ஒரு மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். மீன், இறைச்சி, கத்தரிக்காய், புளி எல்லாம் தள்ள வேண்டும். முருங்கையிலையும் முடக்கொத்தானும் வல்லாரையும் நாளும் சாப்பாட்டில் இருக்க வேண்டும்.

தங்கை உடனே தொடங்கவில்லை. கோயில் கலண்டரை எடுத்து வைத்து எண்ணினாள். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்திய திங்கட்கிழமை கசாயத்தைத் தொடங்கினால், மண்டலம் பெரிய சனியன்று முடியும். தவக்காலமும் பத்தியமும் ஒன்றாகப் போகும், உயிர்ப்பு ஞாயிறன்று மீன் சட்டி அடுப்பில் ஏறும். கணக்கைச் சரிபார்க்க என்னிடம் கொண்டு வந்தாள். சரியாகத்தான் இருந்தது. மற்ற ஆண்டுகளில் அவளுடைய ஒறுத்தல், தேநீருக்குச் சீனியைத் தவிர்ப்பதும் வெள்ளிக்கிழமை இறைச்சி விடுவதும்தான். மீனை அவள் ஒரு தவக்காலத்திலும் விட்டதில்லை. கடற்கரையில் பிறந்தவர்கள் மீனை விடுவது லேசான காரியமில்லை. இந்த ஆண்டுதான் ஆண்டவருக்காகப் பெரிதாக ஒன்றை விடப்போகிறேன் என்று அவளுக்குச் சந்தோசம்.

இடியப்பம் வாங்க வந்த பெண்கள் அவளை விட்டுவைக்கவில்லை. சொதியில் மீன் வாசமே இல்லை, உள்ளே முருங்கையிலை மிதக்கிறது.

“என்னடி, சைவத்துக்கு மாறீட்டியோ? பங்குச் சுவாமிக்குத் தெரியுமோ?”

“ஆண்டவருக்கும் ஆச்சு, பரியாரியாருக்கும் ஆச்சு. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நோன்பு பிடிக்கிறன், உனக்கென்ன?” என்று இவள் சொல்லுவாள்.

வேறு எந்த ஊரிலும் இந்தப் பிழையை இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். இரத்தம் இளக்கும் குளிசை போடுகிறவர் திடீரென்று நாளும் பொழுதும் கீரையாகச் சாப்பிட்டால், குளிசையின் வேலையைக் கீரை முறித்துவிடும். இது எனக்கு இப்போது தெரியும். மருத்துவம் படித்தவர்களுக்கு எப்போதும் தெரிந்த, மிகச் சாதாரணமான விசயமாம். கொழும்பில் வீட்டுக்கு அனுப்பும்போது அவளுக்குச் சிங்களத்தில் சொன்னார்கள். வார்டில் வேலை செய்த ஒருவர் அதைத் தமிழாக்கினார்: “வழக்கமான சாப்பாடு சாப்பிடலாம்.” குருநகர்க்காரிக்கு வழக்கமான சாப்பாடு மீன். அது ஆண்டுக்கணக்காகச் சரியாக வந்தது. வழக்கத்தை மாற்றினால் என்ன நடக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நோன்போ பத்தியமோ வந்தால் மீனை விட்டுக் கீரைக்கு மாறுவதும் எங்கள் ஆட்களுக்கு உண்டு என்பது அவர்களுடைய நினைப்பில் இல்லை. கீரையை நாளும் சாப்பிடச் சொன்ன மருத்துவருக்கு, அவள் போடுவது கீரையோடு சேராத குளிசை என்பது தெரிந்திருக்கவில்லை.

பெரிய வியாழனுக்கு இரண்டு கிழமை முந்திய வியாழன் கிளினிக். எண்ணெய் மணம் போகக் குளித்துவிட்டுப் போனாள். இரத்தச் சோதனை முடிவு கெட்டிருந்தது. இளக்கம் போதாது. கிளினிக்கில் இருந்தவர் இளம் பெண் டொக்டர், கெட்டிக்காரி. அன்றைக்கு வாங்குகள் நிரம்பி, வெளி விறாந்தையிலும் ஆட்கள் நின்றார்கள். குளிசையைத் தவற விடுகிறீர்கள் என்று அவர் சொன்னார். ஒரு நாளும் விடவில்லை என்று தங்கை சொன்னாள்.

“அப்ப உங்கடை இரத்தம் பொய் சொல்லுதோ அம்மா?”

அளவைக் கொஞ்சம் கூட்டி, இரண்டு கிழமையில் வரச் சொல்லிவிட்டார். தங்கை அதை என்னிடம் அன்று சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, அடுப்பை ஊதிக்கொண்டே, எனக்கு முகம் காட்டாமல் சொன்னாள். அவள் வாழ்க்கையில் ஒரு குளிசை தவறவிட்டதில்லை. இடப்பெயர்ந்து கொட்டிலில் இருந்த காலத்தில்கூட, அப்போதைய மருந்தை மழையில் நனையாமல் போத்தலில் போட்டு வைத்து ஒழுங்காக எடுத்தவள். அவளைப் பொய்க்காரி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு கசாயத்தைப் பற்றி அந்த டொக்டரிடம் வாய் திறப்பாளா?

இரண்டு கிழமை என்றால் பெரிய வியாழன். அன்றைக்குக் கோயிலில் பாதம் கழுவும் சடங்கு. கிளினிக்குக்கு உயிர்ப்புக்குப் பிறகு போகலாம் என்று விட்டுவிட்டாள். அங்கே போய் இன்னொருதரம் பேச்சு வாங்க அவளுக்கு மனமில்லை என்பதுதான் உண்மை.

இதில் என்னை இன்னும் ஆத்திரப்படுத்துவது, மருந்து வேலை செய்தது என்பது. முழங்கால் வீக்கம் வற்றியது. படி ஏறினாள். பெரிய வெள்ளியன்று பின்னேர வழிபாட்டில், எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு, வாங்கிலிருந்து இறங்கி நிலத்தில் முழந்தாளிட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். பெரிய வெள்ளியில் மணி அடிப்பதில்லை, பாட்டுப் பெட்டி வாசிப்பதில்லை. அத்தனை சனம் இருந்தும் கோயில் முழுக்க அமைதி. அந்த அமைதியில்தான் எனக்கு ஒன்று உறைத்தது.

உலோக வால்வு மூடித் திறக்கும்போது ஒரு சத்தம் வரும். மணிக்கூட்டுச் சத்தம் போல மெல்லிய டிக், டிக். அமைதியான இடத்தில் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். பூசையில் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்தின்போது எங்கள் வாங்கில் இருப்பவர்களுக்கு அது நன்றாகப் பழகிவிட்ட சத்தம். அன்றைக்கு அது கேட்கவில்லை. அவளுக்குக் கிட்டக் குனிந்து, சத்தம் எங்கே என்று கேட்டேன்.

“ரெண்டு மூண்டு நாளா எனக்கும் கேக்கேல்லை அண்ணை. காதடைப்பாக்கும் எண்டு விட்டிட்டன்.”

மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன். கொஞ்சம் வாங்குகிறது, நோன்புக் களைப்பு என்றாள். சிலுவை முத்தி செய்து முடியட்டும் என்றாள். அதற்கு நான் இடம் கொடுக்கவில்லை. வழிபாடு நடந்துகொண்டிருக்கும்போதே அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து ஓட்டோ பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் அன்று கடமையில் இருந்தவர் கிளினிக்கில் பார்த்த அதே இளம் டொக்டர். நெஞ்சில் குழாயை வைத்தவர் அதை எடுக்கவேயில்லை. இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஸ்கான், பெரிய டொக்டருக்கு அழைப்பு, தீவிர சிகிச்சைப் பிரிவு, கட்டியைக் கரைக்கும் மருந்து. வால்வில் இரத்தம் கட்டிப் பிடித்து அதை அசையவிடாமல் செய்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் என்று டொக்டர் தொடங்கினார், முடிக்கவில்லை. அன்றிரவும் மறுநாளும் அவர்கள் அவளுக்காகப் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். அதை எழுதாமல் விட்டால் நான் நேர்மையற்றவனாவேன்.

கட்டி கரைந்தது. கரையும்போது அதிலிருந்து ஒரு துணுக்கு பிரிந்து மூளைக்குப் போய்விட்டது. பெரிய சனியன்று, அவள் எண்ணி வைத்த மண்டலம் முடிகிற நாளன்று, இடது கை விழுந்தது.

தங்கை கண் தெளிந்து கதைக்கத் தொடங்கிய பிறகு அந்த டொக்டர் கட்டிலடியில் வந்து நின்று, இந்த ஒரு மாதமும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். கிளினிக் வரலாற்றில் முதல் தடவையாக. தங்கை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். கசாயம், தைலம், கீரை, தவக்காலம் எல்லாம்.

“இதை ஏனம்மா எனக்கு முதலே சொல்லேல்லை?”

“குளிசை போட்டதோ எண்டு கேட்டியள். போட்டனான் எண்டு சொன்னன். அதையே நீங்கள் நம்பேல்லை. நம்பாத ஆளுக்கு மிச்சத்தை என்னெண்டு சொல்லுறது?”

டொக்டர் கசாயத்தையும் கீரையையும் அவளுடைய கொப்பியில் எழுதினார்.

வீட்டுக்கு அனுப்பும்போது, நாட்டு மருந்து எதையும் இனித் தொடக்கூடாது என்று எழுதி விட்டார்கள். கசாயத்தை நிற்பாட்டியது சரி. தைலமுமா? கீரையே கூடாதா? கேட்டால், எதுவும் வேண்டாம், அதுதான் பாதுகாப்பு என்றார்கள். ஒரு மாதத்தில் முழங்கால் திரும்ப வீங்கிவிட்டது. இடது கை இடியப்ப உரலைப் பிடிக்காது. கால்களும் போனால் அவள் கட்டிலோடு. இனி அவளுக்கு இருந்தது ஒரேயொரு தேவை. இரண்டு மருத்துவர்களும் அவளைப் பற்றி ஒருவரோடு ஒருவர் கதைக்க வேண்டும். எதைப் பூசலாம், எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று இருவரும் சேர்ந்து சொல்ல வேண்டும்.

நான் உரும்பிராய்க்குப் போனேன். நடந்ததைக் கேட்டு அந்த மருத்துவர் மெய்யாகவே வேதனைப்பட்டார். வால்வு என்று தனக்குச் சொல்லவில்லையே என்றார். வால்வு என்று மண்டபத்தில் உங்கள் முன்னால்தானே கேட்டாள், பிறகு நீங்கள் ஏதும் கேட்டீர்களா என்றேன். அன்று எழுந்து நின்றவள்தான் இவள் என்று பிடிபடவில்லை என்றார். கிளினிக்கிலிருந்து எழுதிக் கேட்டால் தான் கொடுத்த மருந்தின் விபரம் அத்தனையும் தருவதாகச் சொன்னார். தானாக எழுதினால் தங்கள் வேலையில் தலையிடுவதாக அவர்கள் நினைப்பார்களாம். நான் கிளினிக்குக்குப் போனேன். அவர் முதலில் எழுதித் தரட்டும், அப்படி ஒரு நடைமுறை எங்களிடம் இல்லை என்றார்கள். திரும்ப உரும்பிராய். திரும்பக் கிளினிக். ஒரே மேடையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்ட இரு தரப்புக்கும் இடையில், வயதுபோன நான் பஸ்ஸில் போய்வந்து கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் தொண்டு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் வீட்டுக்கு வந்தார். பழங்களும் கொண்டு வந்தார். இரண்டாவது பட்டறை வருகிறது, இம்முறை முழுக்க முழுக்கச் சமூகத்துக்காக. தங்கை ‘அனுபவப் பகிர்வு’ செய்ய வேண்டும் என்றார். நல்லது, முழுவதையும் சொல்லட்டும் என்றேன். அவர் கதிரையில் நெளிந்தார். முழுவதும் சொன்னால் சனம் பயந்துவிடும். சித்த மருத்துவத்தால் முழங்கால் சுகப்பட்டது உண்மைதானே, அதை மட்டும் சொன்னால் போதும் என்றார். நெஞ்சு வேறு விசயம், அது சிக்கலானது, அதை நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எனக்கு வாயில் வந்ததை நான் இங்கே எழுத முடியாது. தங்கை உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“முழங்காலை மட்டும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுறாரோ அண்ணை? மிச்சத்தை வீட்டிலை விட்டிட்டு வரட்டாமோ?”

ஒருங்கிணைந்த மருத்துவம் என்று சொல்லிக்கொண்டு வந்த மனிதர் கேட்டது, பாதிப் பெண்ணை. கிளினிக் கேட்டது மற்றப் பாதியை. உரும்பிராய் கேட்டதும் பாதியைத்தான். எல்லோரும் ஒருங்கிணைக்கப்பட்டிருந்தார்கள், அவளைத் தவிர. இத்தனைக்கும் இரண்டு மருத்துவங்களும் உருப்படியான மருத்துவங்கள். ஒன்று அவளுடைய இதயத்தை ஓட வைத்திருந்தது, மற்றது அவளை நடக்க வைத்தது. நடுவில் ஒரு கேள்வியைக் கேட்க யாருக்கும் பழக்கமில்லை. அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கத்தான் பட்டறை என்றார்கள். நிறப் பேனையும் சாப்பாட்டுப் பார்சலும் கொடுத்தார்கள்.

அடுத்த கிளினிக் நாள் தங்கை குளித்துவிட்டு வரவில்லை. வேண்டுமென்றே. வீட்டில் மிஞ்சிக் கிடந்த தைலத்தை முழங்காலில் பூசி, போத்தலையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். உரும்பிராய் மருத்துவரிடம் முன்னரே சொல்லி வைத்திருந்தேன், இந்த நேரத்தில் போன் வரும், எடுக்க வேண்டும் என்று. அவர் எடுப்பதாகச் சொன்னார், ஆனால் டொக்டர் கதைக்கமாட்டார் என்றார்.

உள்ளே போனதும் தங்கை போத்தலை மேசையில் வைத்தாள். நான் இலக்கத்தை அழுத்தி, மறுமுனையில் குரல் வந்ததும் போனை டொக்டரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. இது முறையில்லை என்றார். வெளியே எத்தனை பேர் என்று பாருங்கள் என்றார். கதவுக்கு வெளியே இருந்த கூட்டத்தைப் பார்த்தால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் என் கோபம் குறையவில்லை.

தங்கை கதிரையை விட்டு எழும்பவில்லை. வலக்கையால் இடக்கையைத் தூக்கி, போத்தலுக்குப் பக்கத்தில், மேசையில் வைத்தாள்.

“நான் உங்களை ஏசுறதுக்கு வரேல்லை, டொக்டர். நீங்கள் ரெண்டு பேரும் கதைக்காமல் விட்டதாலை போனது இந்தக் கை. மிச்சத்துக்கு ஒருக்காக் கதையுங்கோ.”

டொக்டர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை வாங்கினார்.

முதலில் இருவரும் ஆங்கிலத்தில் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் தமிழுக்கு வந்துவிட்டார்கள். தைலத்தில் என்னென்ன சேர்கிறது என்று இவர் கேட்டு எழுதினார். குளிசையின் பெயர் என்ன, இரத்தத்தின் இளக்கம் எந்த அளவுக்குள் நிற்க வேண்டும் என்று அவர் கேட்டிருக்க வேண்டும், இவர் சொன்னார். ஒரு இடத்தில் இவர், அது எனக்குத் தெரியாது, நீங்கள் சொல்லுங்கள் என்றார். அந்த வசனத்தை அந்தப் பட்டறையில் ஒருவர் சொல்லியிருந்தால் எங்களுக்கு அது போதுமாயிருந்திருக்கும். தைலத்தை வெளியில் பூசலாம். கசாயம் வேண்டாம். கீரை சாப்பிடலாம், ஆனால் கிழமைக்குக் கிழமை ஒரே அளவாக, திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நோன்பு பிடிப்பதென்றால், புதிதாக எந்த மருந்தாவது தொடங்குவதென்றால், முதலில் இங்கே சொல்லிவிட்டு, ஒரு கிழமைக்குள் இரத்தம் பார்க்க வேண்டும். முடிவு அவ்வளவுதான்.

ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. பொங்கலுக்கு அடுத்த வாரம், அந்த மண்டபத்தில், அவள் எழுந்து நின்றபோதே இதைச் சொல்லியிருக்கலாம். நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டொக்டர் போனை என்னிடம் தந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “இதை நான் என்ரை பாட்டிலை செய்தனான். வெளியிலை சொல்லிக்கொண்டு திரியாதேங்கோ அம்மா. எல்லாரும் போனோடை வந்து நிண்டால் எனக்குக் கிளினிக் முடிக்க ஏலாது” என்றார்.

தங்கை ஓம் என்று தலையாட்டினாள். போத்தலை எடுத்துப் பையில் வைத்தாள். கதவைத் திறந்து வெளியே வந்தாள். வாங்குகளில் இருந்த அத்தனை பெண்களையும் ஒருதரம் பார்த்தாள். பிறகு அந்த விறாந்தை முழுக்கக் கேட்கும்படி, உள்ளே நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லத் தொடங்கினாள். தைலம் போத்தலைக் காட்டினாள், கையைக் காட்டினாள். உங்கள் பரியாரியார் யாரோ அவருடைய போன் நம்பரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே போனதும் அடித்துக் கொடுங்கள் என்றாள். தாதி ஒருவர் வந்து சத்தம் போட வேண்டாம் என்றார். தங்கை சத்தத்தைக் குறைக்கவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் மெல்லத் தன் பைக்குள் கையை விட்டாள்.

“என்ரை பரியாரியார் நெல்லியடியிலை. அந்தாள் லேசிலை போன் எடுக்காது, அக்கா.”

“எடுக்குமட்டும் அடி” என்றாள் தங்கை.